யாரா பள்ளத்தாக்கில் ஒரு நாள்: ஊரிலிருந்து வந்த நண்பரோடு ஒயின் தோட்டம் சுற்ற முழு வழிகாட்டி

மெல்பர்னில் இருக்கும் நம் ஆட்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் அட்டவணை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாள் கிரேட் ஓஷன் ரோடு, ஒரு மாலை பிலிப் தீவில் பெங்குவின், மிச்ச நேரம் சிட்டி. வருகிறவர் பழைய ஹாஸ்டல் நண்பர் என்றால் யாரா பள்ளத்தாக்கும் சேர்ந்துகொள்ளும். நகரத்திலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் நம்மில் பலர் அங்கே போகிற விதம் ஆடி மாதத்துக் கோயில் சுற்றுலா மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே நாளில் ஆறு தோட்டம், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம், நாலு மணிக்குக் காரில் பாதிப் பேர் தூக்கம்.

என் கணக்கு இது: மூன்று தோட்டம், நடுவில் நிதானமாக உட்கார்ந்து ஒரு சாப்பாடு. அதற்கு மேல் போனால் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, நண்பரோடு பேசவும் நேரம் இருக்காது. கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் டிரைவர், அப்புறம்தான் தோட்டம்

எந்தத் தோட்டத்துக்குப் போவது என்று யோசிப்பதற்கு முன்னால் யார் வண்டி ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள். விக்டோரியாவில் முழு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எல் பிளேட் (ஓட்டிப் பழகுகிறவர்), பி பிளேட் (புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்) ஓட்டுநர்களுக்குச் சுத்தமாக பூஜ்யம். 1976லேயே வழியில் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனையைத் தொடங்கிய மாநிலம் இது. பூஸ் பஸ் என்கிற அந்தப் போலீஸ் சோதனை வண்டி எங்கே, எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"கொஞ்சம் கொஞ்சம்தானே ஊற்றுகிறார்கள்" என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. ருசிக்கு ஊற்றும் அளவு பொதுவாக 20 முதல் 30 மில்லி. ஒரு இடத்தில் ஐந்து வகை என்றால் 150 மில்லி. ஒயினில் ஆல்கஹால் 13 சதவீதம் என்று வைத்தால் அதில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கும். ஆஸ்திரேலியாவில் 10 கிராம்தான் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க். ஆக, ஒரு தோட்டத்துக்கு ஒன்றரை. மூன்று தோட்டத்துக்கு நாலரை. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் சேர்த்தால் ஆறு. ஒரு நாளில் நாலைத் தாண்ட வேண்டாம், வாரத்தில் பத்தைத் தாண்ட வேண்டாம் என்பதுதான் இந்த நாட்டின் சுகாதார வழிகாட்டுதல். உடல் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்கைக் கரைக்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காபி குடித்தாலும் முகம் கழுவினாலும் அது வேகமாகக் கரையாது.

எனவே வழிகள் மூன்று. குடிக்காத ஒருவர் ஓட்டலாம். நம் வீடுகளில் அந்த வேலை பெரும்பாலும் மனைவி தலையில்தான் விழுகிறது. ஒரு முறை கேட்கலாம், வருகிற விருந்தாளிக்கெல்லாம் கேட்டால் நியாயமில்லை. இரண்டாவது, நகரத்திலிருந்தே ஏற்றி இறக்கும் மினிபஸ் டூர். அவர்கள் சொல்லும் இடம்தான், அவர்கள் சொல்லும் நேரம்தான், ஆனால் கவலை இல்லை. மூன்றாவது, நாலைந்து பேர் சேர்ந்து டிரைவரோடு வண்டி எடுப்பது. தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் பல நேரம் இதுவே லாபம். ரயிலில் லில்லிடேல் வரை போகலாம், அங்கிருந்து ஹீல்ஸ்வில்லுக்குப் பஸ் உண்டு. ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்து போகிற தூரம் இல்லை. மாலையில் அந்தக் கிராமச் சாலையில் ஊபர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

நாள் பார்ப்பது, பதிவு செய்வது

விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு நண்பரின் கண் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் கழியட்டும். வார நாள் கிடைத்தால் உத்தமம். வெள்ளி சனி ஞாயிறில் கல்யாணப் பெண் தோழிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள், கவுண்டரில் நிற்பவரிடம் நாலு வார்த்தை பேச முடியாது. ஆனால் சில சிறிய தோட்டங்கள் செவ்வாய், புதன் பூட்டியிருக்கும் என்பதால் அவர்கள் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடைக் காலம். கொடியில் பழம் பார்க்கலாம், ஆலையில் வேலை நடப்பதையும் பார்க்கலாம். ஏப்ரல் கடைசியில் இலையெல்லாம் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறும். படத்துக்கு அதுதான் நல்ல நேரம். ஜூலையில் கொடிகள் மொட்டையாக நிற்கும், ஆனால் உள்ளே அடுப்பு எரியும், கூட்டம் இருக்காது. எனக்கு அதுவே பிடிக்கும். கோடையில் போனால் காட்டுத்தீ எச்சரிக்கையை விக்எமர்ஜென்சி செயலியில் பார்த்துவிட்டுப் போங்கள். 2009 பிப்ரவரி தீயில் அடிபட்ட பகுதி இது. அபாயம் உச்சத்தில் இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப் போடுவதுதான் புத்தி.

ருசிக்குப் பெரும்பாலும் தலைக்கு 10 முதல் 25 டாலர் வாங்குவார்கள். பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் முன்பதிவு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டே பேர் என்றாலும் பதிவு செய்துவிடுங்கள். நண்பர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கட்டும். இளமையாகத் தெரிகிறவரிடம் 18 வயதுக்கு அத்தாட்சி கேட்பார்கள், அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

போகும் வழி

வரைபடத்தில் யாரா ஒரு வளையம். லில்லிடேல் தாண்டி மரூண்டா ஹைவேயில் கோல்ட்ஸ்ட்ரீம். அங்கிருந்து நேராகப் போனால் ஹீல்ஸ்வில். ஹீல்ஸ்வில்லிலிருந்து யாரா கிளென்னுக்கு ஒரு சாலை. யாரா கிளென்னிலிருந்து மெல்பா ஹைவே உங்களைத் திரும்பக் கோல்ட்ஸ்ட்ரீமில் கொண்டுவந்து விடும். இந்த வளையத்தை ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். "அது நல்லா இருக்குமாம், இது நல்லா இருக்குமாம்" என்று குறுக்கும் நெடுக்கும் ஓடினால் பாதி நாள் காரிலேயே போய்விடும்.

நான் சொல்லும் வரிசை: முதலில் கோல்ட்ஸ்ட்ரீம் பக்கம் ஷாண்டன், அடுத்து ஹீல்ஸ்வில் வழியாக டாராவாரா, கடைசியில் யெரிங் ஸ்டேஷன். இதில் இரண்டு வசதி. சாலையும் வளையமாக அமைகிறது, நுரை பொங்கும் ஒயினில் தொடங்கி சிவப்பில் முடிப்பதால் நாக்குக்கும் ஒத்துவருகிறது.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

வெறும் வயிற்றோடு போகவே கூடாது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஆல்கஹால் ரத்தத்தில் ஏறுவது மெதுவாகும். பொங்கலோ, முட்டையோடு தோசையோ, நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். ஆனால் அன்று காலை எலுமிச்சை ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம். காரம் ஏறிய நாக்குக்கு ஒயின் வெறும் எரிச்சல்தான்.

சென்ட் போடாதீர்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்குதான். ஒருவர் மேல் அடிக்கும் பெர்ஃபியூம் மேஜையில் இருக்கும் அத்தனை பேரின் கிளாஸையும் கெடுத்துவிடும். ஜவ்வாதும் அத்தரும் மல்லிகைப்பூவும் இதில் சேர்த்தி. மல்லிகை மணம் காற்றில் நிற்கும்போது ஷார்டனே என்ற வெள்ளை ஒயினின் மெல்லிய வாசனையைத் தேடுவது வீண்.

காரில் தண்ணீர் பாட்டில்கள், உப்பில்லாத பிஸ்கட், ஐஸ் போட்ட எஸ்கி பெட்டி. எஸ்கி நமக்கல்ல, வாங்கப்போகும் பாட்டிலுக்கு. ஜனவரி வெயிலில் பூட்டிய காரில் ரெண்டு மணி நேரம் கிடந்தால் எந்த ஒயினும் வெந்துவிடும்.

ருசி பார்க்கும் முறை

கவுண்டரை இங்கே செல்லர் டோர் என்பார்கள். நிற்பவரிடம் "எங்களுக்கு ஒயின் பற்றி அதிகம் தெரியாது" என்று சொல்லிவிடுவதுதான் நல்லது. அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். தெரிந்த மாதிரி தலையாட்டினால் அவர்களும் பட்டியலை ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெள்ளைக் காகிதத்துக்கு மேலே சாய்த்து நிறம் பாருங்கள். மேஜையிலேயே வைத்து ரெண்டு சுற்றுச் சுற்றுங்கள், மணம் மேலே வரும். மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். அப்புறம் ஒரு சிறு வாய் எடுத்து உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் பரவ விடுங்கள். கவனிக்க வேண்டியது நாலே விஷயம்: இனிப்பு இருக்கிறதா, புளிப்பில் வாய் ஊறுகிறதா, ஈறிலும் கன்னத்திலும் துவர்ப்பு பிடிக்கிறதா, விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது. "செர்ரி, வயலட் பூ, ஈரக் காட்டு மண்" என்று அட்டையில் எழுதியிருப்பது வராவிட்டால் கவலை வேண்டாம். உங்களுக்கு நாவல்பழம் நினைவு வந்தால் நாவல்பழம் என்றே சொல்லுங்கள்.

அடுத்தது துப்புவது. நம்மவர்களுக்கு இங்கேதான் தயக்கம். காசு கொடுத்து வாங்கியதை, அதுவும் நாலு பேர் எதிரில், பாத்திரத்தில் துப்புவதா? ஆனால் அங்கே வைத்திருக்கும் அந்த வாளி அதற்குத்தான். ஒயின் தயாரிப்பவர்களே நாள் முழுக்கத் துப்புகிறார்கள். முந்தின இரவு வீட்டு வாஷ்பேசினில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்: கன்னத்தை உள்ளே இழுத்து, உதட்டைக் குவித்து, ஒரே கோடாக. தலை நன்றாகக் குனிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்கு உத்தரவாதம் இல்லை. துப்பவே முடியாது என்றால் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை வாளியில் கவிழ்த்துவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில இடங்களில் ஒரு டேஸ்டிங்கை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள விடுவார்கள். எச்சில் பார்க்கிறவர் என்றால் இன்னொரு கிளாஸ் கேளுங்கள், தருவார்கள்.

முதல் இடம்: ஷாண்டன்

பிரான்ஸின் மொயெட் அண்ட் ஷாண்டன் நிறுவனம் 1986இல் இங்கே தொடங்கிய தோட்டம். நுரைக்கும் ஒயின்தான் இவர்கள் தொழில். பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதிக்கு வெளியே செய்ததை ஷாம்பெயின் என்று இப்போது லேபிளில் போட முடியாது என்பதால் ஸ்பார்க்ளிங் என்பார்கள். செய்முறை அதேதான். சாதாரண ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே மறுபடி நொதித்து, வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து நிற்கும். பிறகு பாட்டிலைத் தலைகீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, செத்த ஈஸ்ட் முழுவதையும் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறப்பார்கள். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்திலேயே உறைந்த கசடு தெறித்து வெளியே போகும். ருசி பார்க்கும் முன் இந்த வேலை நடக்கும் பகுதியை நண்பருக்குக் காட்டுங்கள். எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து குடித்தால் நின்று கவனிப்பார்.

இங்கே மூன்று வகை போதும். ஆர்வத்தில் ஐந்தையும் இழுத்துவிட்டால் பதினொரு மணிக்கே நாள் முடிந்துவிடும்.

இரண்டாவது இடமும் மதியச் சாப்பாடும்: டாராவாரா

ஹீல்ஸ்வில் தாண்டி யாரா கிளென் சாலையில் இருக்கிறது. ருசி பார்க்கும் கூடத்தை மண்மேட்டுக்குள் பதித்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே 2003இல் திறந்த ஓவியக் காட்சியகம். கூட்டத்தில் குடிக்காதவர் இருந்தால் இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

யாராவின் பெயர் சொல்லும் இரண்டு திராட்சைகள், ஷார்டனேயும் பினோ நுவாரும், இங்கே நன்றாக இருக்கும். பினோ நுவாரைப் பார்த்ததும் நம் நண்பர்கள் சொல்வது ஒன்றுதான்: "என்னடா மச்சான், தண்ணி கலந்த மாதிரி இருக்கு?" தண்ணீர் இல்லை. சிவப்பு ஒயினின் நிறம் பழத்தோலிலிருந்து வருகிறது, இந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லியது. நிறமும் துவர்ப்பும் குறைவு, வாசனை அதிகம். யாரா மாதிரிக் குளிர்ந்த பகுதிதான் இதற்கு ஒத்துவரும். விஸ்கிக்குப் பழகியவருக்கு முதல் வாயில் ஏமாற்றமாக இருக்கும். சாப்பாட்டோடு அதே கிளாஸை மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

பட்டியலில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் இருந்தால் அதையும் கேளுங்கள். குளிர்ப் பகுதி ஷிராஸில் மிளகு வாசனை வரும். கற்பனை இல்லை, மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே வேதிப்பொருள் அந்தத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. மேஜையைச் சுற்றி யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள், சாப்பாடு வரும்வரை பேச்சு ஓடும்.

சைவம் சாப்பிடுகிற நண்பர் என்றால் சாப்பாட்டை மட்டுமல்ல, ஒயினையும் விசாரிக்க வேண்டும். தெளியவைப்பதற்கு முட்டை வெள்ளைக்கருவோ, பால் புரதமோ, ஜெலட்டினோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையோ சில ஒயின்களில் பயன்படுத்துவது உண்டு. முட்டை, பால் பற்றி லேபிளில் இருக்கும். மீன்பசை பற்றி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. "வீகன் ஒயின் எது?" என்று நேரடியாகக் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள்.

சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊர்க்கதை, யார் யாருக்குக் கல்யாணம், யார் வேலையை விட்டது, எல்லாம் இங்கேதான். அடுத்த பதிவை மூன்று மணிக்கு முன்னால் வைக்காதீர்கள்.

மூன்றாவது: யெரிங் ஸ்டேஷன்

விக்டோரியாவில் முதன்முதலாகத் திராட்சை நட்ட இடம் இதுதான். 1838இல் ரைரி சகோதரர்கள் மாடு ஓட்டிக்கொண்டு வந்து குடியேறி, கூடவே கொடியும் நட்டார்கள். 1850இல் பால் டி காஸ்டெல்லா என்ற சுவிஸ்காரர் கைக்கு வந்தது. 1889 பாரிஸ் கண்காட்சியில் யெரிங் ஒயின் பெரிய பரிசு வாங்கியது. அதன் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. ஜனங்களின் ருசி இனிப்பான, காட்டமான ஒயின் பக்கம் போனது, பொருளாதார மந்தமும் சேர்ந்தது, கொடியைப் பிடுங்கிவிட்டு மாடு வளர்த்தார்கள். 1930களின் கடைசியில் பள்ளத்தாக்கு முழுக்கப் பால் பண்ணை. 1960களின் கடைசியில்தான் மறுபடி நட ஆரம்பித்தார்கள். இன்று நாம் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது. ருசி பார்க்கும் இடம் 1859இல் கட்டிய பழைய ஆலைக் கட்டடம். நண்பருக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் இங்கே கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். பிடிக்காது என்றால் பின்பக்கம் புல்வெளியில் மலையைப் பார்த்து உட்கார்ந்துவிடலாம், நாலு மணிக்கு யாருக்கும் மூக்கு வேலை செய்யாது.

பக்கத்திலேயே யாரா வேலி டெய்ரி, பாலாடைக்கட்டி வாங்கலாம். பிள்ளைகள் கூட வந்திருந்தால் யாரா கிளென் அருகே சாக்லேட் கடை. பிள்ளைகள் இரண்டுக்கு மேல் என்றால் ஒரு தோட்டத்தை வெட்டிவிட்டு அந்த நேரத்தில் ஹீல்ஸ்வில் விலங்குக் காப்பகத்துக்குப் போய்விடுங்கள். பிளாட்டிபஸ் என்ற, முட்டையிட்டுப் பாலூட்டும் விலங்கு உலகிலேயே முதன்முதலாக அடைப்பில் குஞ்சு பொரித்தது அங்கேதான், 1943இல். கோலாவும் கங்காருவும் பார்த்துவிட்டால் நண்பர் வீட்டு வாட்ஸ்அப் குழுவும் திருப்தி.

கொடிக்குள் இறங்காதீர்கள்

படம் எடுக்கும் ஆசையில் எல்லாரும் செய்வது கொடி வரிசைக்குள் இறங்கி நடப்பது. செய்யாதீர்கள். ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி 2006இல் யாராவில் கண்டுபிடிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் தோட்டங்களை நாசம் செய்த அதே பூச்சி. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு, செருப்பில் ஒட்டிய மண்ணில் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். வந்தால் மருந்து இல்லை, கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு வேரில் ஒட்டுக்கட்டிய கன்று நட வேண்டியதுதான். பாதையில் நின்றபடியே நல்ல படம் கிடைக்கும். அடுத்த வாரம் இன்னொரு ஒயின் பகுதிக்குப் போவதாக இருந்தால் செருப்பைக் கழுவிவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது டிரைவருக்கு ஒரு வார்த்தை: அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். மெதுவாக ஓட்டுங்கள்.

வாங்குவது, ஊருக்குக் கொண்டுபோவது

வாங்கியே ஆக வேண்டும் என்று எங்கும் கட்டாயம் இல்லை. பாட்டில் கடையில் கிடைக்காத, தோட்டத்தில் மட்டுமே விற்கும் ஒயின் எது என்று கேட்டு அதில் ஒன்றை வாங்குங்கள். மற்றது டான் மர்ஃபிஸ் மாதிரிப் பெரிய மதுக்கடையில் கிடைக்கும், சில நேரம் அங்கே விலையும் குறைவு. திருகு மூடியைப் பார்த்து "மலிவுச் சரக்கோ" என்று நண்பர் சந்தேகப்படுவார். இங்கே நல்ல ஒயினுக்கும் திருகு மூடிதான். கார்க் கெட்டு ஒயின் நாறுவது வேண்டாம் என்று தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஒயின்காரர்கள் 2000இல் கூட்டாக அதற்கு மாறினார்கள், மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

கேபின் பையில் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டிதான். ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, தடித்த சாக்ஸுக்குள் விட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். பெட்டியின் ஓரத்தில் வேண்டாம்.

சுற்றுலாப் பயணிகளுக்கு வரி திரும்பக் கிடைக்கும் டிஆர்எஸ் திட்டத்தில் ஒயினும் உண்டு. 10 சதவீத ஜிஎஸ்டியோடு ஒயினுக்கான தனி வரியும், கொடுத்த விலையில் 14.5 சதவீதம், திரும்ப வரும். ஒரே வியாபாரியிடம் 300 டாலருக்குக் குறையாமல், கிளம்புவதற்கு முன் 60 நாளுக்குள், நண்பரே தன் காசில் வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் கார்டைத் தேய்த்தால் செல்லாது. பாட்டில் செக்-இன் பெட்டியில் போவதால், பெட்டியைப் போடும் முன்னாலேயே விமான நிலையத்தில் எல்லைப் படை அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

ஆனால் இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டுபோகக்கூடிய மது, ஒயினும் சேர்த்து, ஆளுக்கு 2 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் இரண்டு. விலை உயர்ந்த பாட்டிலாக இல்லாவிட்டால் இரண்டு பாட்டிலில் 300 டாலர் வராது, அப்போது டிஆர்எஸ்ஸை மறந்துவிடுங்கள். டியூட்டி ஃப்ரீயில் வாங்குவதும் இதே 2 லிட்டருக்குள்தான் என்பதை நண்பருக்கு யாரா போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாமனாருக்கு ஒரு லிட்டர் விஸ்கி என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால், தோட்டத்தில் அவர் ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.